59 நாள்

நூம்பலிலோ அயனம்பாக்கத்திலோ நாலு கம்ப்யூட்டர் உள்ள ஒரு சின்ன ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கர் ஒரு மெஷினில் பில் போட்டு வைப்பார். மாடியில் இருப்பவர் தன் மெஷினிலிருந்தே அதைத் திறந்து பார்ப்பார். ஃபைல் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த சௌகரியத்துக்குப் பெயர் எஸ்.எம்.பி. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. அப்போது நெட்வொர்க் என்றால் ஒரே கட்டடத்து ஆசாமிகள், எல்லாம் தெரிந்த முகம். வாசலில் திண்ணை வைத்துக் கட்டிய வீடு மாதிரி. பிற்பாடு வீட்டு முன்னால் இன்டர்நெட் என்ற நெடுஞ்சாலை வந்தது. திண்ணையை யாரும் எடுக்கவில்லை.

விண்டோஸின் எஸ்.எம்.பி.யில் ஒரு மூலை. பழைய ஓ.எஸ்/2 காலத்து ஃபைல் குறிப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுகிற இடம். அங்கே அளவைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டார்கள். ஒரு படி பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்து பக்கத்து மெமரியில் விழும். வழிவது என்ன என்பதை அனுப்புகிறவனே தீர்மானிக்கலாம். அப்புறம் பாஸ்வேர்டு எதற்கு? மெஷினே அவன் கையில்.

அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. இதைக் கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் ஆயுதமாக வைத்துக்கொண்டது. பெயர் 'எடர்னல்புளூ'. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்சை வெளியிட்டது. ஏப்ரல் 14-ல் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற கும்பல் அந்த ஆயுதத்தை எல்லாருக்கும் பொதுவாக்கியது. மே 12, வெள்ளிக்கிழமை, 'வானாக்ரை' கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினில் கேட்டது. 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையையும் அது விடவில்லை.

மார்ச் 14-க்கும் மே 12-க்கும் நடுவே 59 நாள். மருந்து இலவசமாக, வாசலிலேயே இருந்தது. 'அப்டேட் போட்டா பழைய சாஃப்ட்வேர் ஓடாது சார்' என்பார்கள் சிலர். லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அப்டேட் என்றாலே பயம். பெரும்பாலோர் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றுதான் விட்டார்கள்.

லினக்ஸ்காரர்களும் ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை. எஸ்.எம்.பி. பேசும் அவர்களுடைய மென்பொருள் சாம்பா. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆரம்பித்தது. வானாக்ரை வந்து 12 நாள் கழித்து, மே 24-ல் அதிலும் ஓட்டை என்று அறிவிப்பு. எழுதும் அனுமதியுள்ள ஷேர் ஃபோல்டரில் ஒரு நச்சு லைப்ரரியைப் போட்டுவிட்டு, சர்வரையே அதை ஓட்ட வைக்கலாம். 2010-ல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை, ஏழு வருஷம்! ஆபீஸ் மூலையில் தூசு படிந்து கிடக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது இந்த சாம்பாதான். அவற்றுக்கும் அப்டேட் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-லிருந்து தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய மெஷின்களில் அது தானாகப் போய்விடாது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரிடம் இன்றைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: 'எஸ்.எம்.பி. ஒன்றை அணைத்தாச்சா? அந்த மூலைப் பெட்டிக்குக் கடைசியாக எப்போது அப்டேட் போட்டீங்க?' இரண்டாவது கேள்விக்கு அவர் தலையைச் சொறிந்தால், 59 நாள் கணக்கு உங்களுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.