வாசலுக்கு வந்த பால் பாட்டில் எங்கே போச்சு?

அபிராமபுரம் பக்கம் காலையில் கேட்டில் தொங்கும் பையில் விழுவது பால் பாக்கெட். அறுபது, எழுபதுகளின் மெட்ராஸில் அது கண்ணாடி பாட்டில், மேலே அலுமினியத் தாள் மூடி!

தமிழ்நாட்டில் பால்வளத் துறை தொடங்கியது 1958-இல். மாதவரம் பண்ணையில் பதப்படுத்திய பால் பாட்டிலில் அடைத்து பூத்துகளுக்கு வந்தது. பால் கார்டு காட்டி, காலி பாட்டிலைக் கொடுத்து வாங்கணும். மாசக் கூலிக்கு ஆள் வைத்து வாசலுக்கே வரவழைத்த வீடுகளும் உண்டு.

1981-இல் பால் வியாபாரம் கூட்டுறவு இணையத்தின் கைக்கு மாறியது. அதுதான் நாம் சொல்லும் ஆவின். பாக்கெட் பரவ, பாட்டில் மறைந்தது. ஏன்? பாட்டில் கனம், உடையும். காலியைத் திரும்பச் சேகரித்து, காஸ்டிக் சோடா கரைசலில் கழுவணும். பாக்கெட்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

ஆனால் குப்பை? 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் பால் பாக்கெட்டுக்கு விலக்கு கொடுத்தார்கள். கவரையாவது பழைய பேப்பர் கடையில் போடலாம். கத்தரித்த அந்தக் குட்டி மூலையை யாரும் பொறுக்குவதில்லை. முழுசா வெட்டாமல் விட்டால் அது கவரோடயே போகும்.

சென்னையில் சில தனியார் நிறுவனங்கள் இப்போது மறுபடி கண்ணாடி பாட்டிலில் பால் போடுகின்றன. விலை கூடுதல்தான். காலி பாட்டிலை மட்டும் பழையபடி வாசலில் வைக்கணும்.