மலிவான மின்கலம் எது? மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து ஒரு வரலாறு

மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனையை அடுத்துள்ள நீர் மெட்ரோ நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கு வந்து நிற்கும் மின்படகுகள் லித்தியம் டைட்டனேட் மின்கலங்களால் ஓடுகின்றன. லித்தியம் குடும்பத்தில் விலை மிகுந்த வகைகளுள் அது ஒன்று. ஒரு கிலோ எடையில் அது தேக்கிவைக்கும் ஆற்றலும் குறைவு. கடன் வாங்கிக் கட்டப்பட்ட ஒரு பொதுப் போக்குவரத்துத் திட்டம் விலை கூடிய மின்கலத்தை ஏன் தேர்ந்தது என்ற கேள்வியும், அதே துறையின் பின்னுள்ள சந்தில் பழைய மிதிவண்டிக்குத் தானே பேட்டரி கட்ட முனையும் ஒருவர் எந்த மின்கலத்தை வாங்குவது என்று கேட்கும் கேள்வியும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. ஒரு மின்கலம் மலிவா என்பதை அதன் ஆயுளும், அது கெடும்போது இழப்பை யார் ஏற்கிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

இதைக் கேரளம் முன்பே ஒருமுறை பட்டறிந்தது. கொச்சிக்கு வடக்கே சாலக்குடியில் எட்டி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்கவா நிறுவனத்தின் கூட்டுடன் ‘லவ்பேர்ட்’ என்ற இருவர் அமரும் மின்காரை உருவாக்கி, 1993-இல் தில்லி வாகனக் கண்காட்சியில் வைத்தது. இந்தியாவின் முதல் மின்கார் என்று இன்று நினைவுகூரப்படுவது அதுவே. மிகச் சில வண்டிகளே விற்றன. அன்று கைக்கெட்டிய ஒரே பேட்டரி ஈய அமில வகை; ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஈயத்தின் சுமை எத்தகையது என்பதை மிதிவண்டி அளவிலேயே காணலாம். 36 வோல்ட் பெற 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரிகள் மூன்று வேண்டும்; மொத்தம் ஏறத்தாழ 12 கிலோ. அதே வேலையின் பெரும்பகுதியை இன்று 2 கிலோவுக்கும் குறைவான லித்தியம் மின்கலங்கள் செய்துவிடுகின்றன. சாலக்குடியின் பொறியாளர்கள் திறமையில் பின்தங்கவில்லை. அவர்களுக்குரிய மின்கலம் அப்போது காரின் அடியில் இல்லை, ஒளிப்பதிவுக் கருவிக்குள் இருந்தது.

அந்த மின்கலத்தை 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜான் குடினஃப் 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடும், அகிரா யோஷினோ 1985-இல் வடிவமைத்த கரிம எதிர்முனையும் அதில் ஒன்றுசேர்ந்தன. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை வடிவம் மடிக்கணினிகளுக்கான பொது அளவாகி, கோடிக்கணக்கில் உற்பத்தியானது. வாகனத்துக்கென்று எவரும் அதனைச் செய்யவில்லை. ஆயினும் எண்ணிக்கை பெருகியதால் விலை சரிந்தது. சரிந்த விலையைக் கண்டு வாகனம் கட்டுவோர் அதன் பக்கம் வந்தனர். கலிஃபோர்னியாவின் ஏசி புரொபல்ஷன் என்ற சிறு நிறுவனம் 2003-இல் தன் காரிலிருந்த ஈய பேட்டரிகளை அகற்றி ஆயிரக்கணக்கான இத்தகைய மின்கலங்களைப் பொருத்தியது. 2008-இன் டெஸ்லா ரோட்ஸ்டரில் இருந்தவை 6,831. வீட்டில் மிதிவண்டிக்கு 40 மின்கலங்களைக் கோத்துக் கட்டுபவர் பின்பற்றுவதும் இதே வழியைத்தான்.

ஆனால் கோபால்ட் அரிய உலோகம். நிக்கலும் மாங்கனீசும் கலந்த பிந்தைய வகைகள் அதன் அளவைக் குறைத்தனவேயன்றி முற்றிலும் நீக்கவில்லை. இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்ற வினாவில் ஒரு தமிழரின் பங்கு உண்டு. நம் பல்கலைக்கழக வகுப்பறைகளில் அது போதிய அளவு பேசப்படவில்லை. அமராபுரத்தில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற அருமுகம் மந்திரம், 1980-களின் நடுவில் குடினஃபின் குழுவில் சேர்ந்தார். இரும்பு ஆக்சைடில் கிடைக்கும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் கீழே நின்றது. ஆக்சைடுக்குப் பதிலாக மாலிப்டேட், டங்ஸ்டேட் போன்ற பல்லணு எதிரயனிகளை வைத்தபோது அதே இரும்பு 3.0 வோல்ட் தந்தது. சல்பேட்டை வைத்தபோது 3.6 வோல்ட். 1987-இலும் 1989-இலும் வெளியான இம்முடிவுகள் காட்டியது இதுதான்: உலோகத்தை மாற்றாமல் அதன் அண்டை அணுக்களை மாற்றியே மின்னழுத்தத்தை உயர்த்தலாம். இந்த வழியில் சென்று பாதி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் ஆகியோர் 1997-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தனர். மின்சாரத்தை எளிதில் கடத்தாத அப்பொருளுக்குக் கரிப்பூச்சு இட்டபின் அது பயன்பாட்டுக்கு வந்தது. 2019-இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரமே.

இன்று சந்தையில் மலிவு என்று சொல்லப்படும் புதிய மின்கலங்களுள் பெரும்பகுதி இந்த இரும்பு பாஸ்பேட் வகை. மூலப்பொருள் எளியது என்பது ஒரு காரணம். சீன உற்பத்தியாளர்கள் உள்நாட்டு விற்பனைக்குக் காப்புரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியிராததால் அங்கு தொழில் பெருகியது மற்றொரு காரணம்.

மலிவுக்கு இன்னொரு வழியும் உண்டு: பிறர் கழித்த மடிக்கணினிப் பேட்டரிகளைப் பிரித்து உள்ளிருக்கும் மின்கலங்களை எடுப்பது. பொருளை வீணாக்காத இவ்வழக்கத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் தொடராக இணைக்கப்பட்ட வரிசையில் மிக நலிந்த மின்கலமே முழுத் தொகுதியின் அளவைத் தீர்மானிக்கிறது. வெவ்வேறு வயதும் வெவ்வேறு உள்மின்தடையும் கொண்டவற்றைச் சேர்த்தால், நலிந்தது ஒவ்வொரு சுற்றிலும் மேலும் நலிகிறது. மின்னழுத்தம் சுழி அளவுக்கு இறங்கிக் கிடந்த மின்கலத்தில் செம்புத் தகடு கரைந்திருக்கும். மீண்டும் மின்னேற்றும்போது அச்செம்பு உள்ளே படிந்து குறுக்கிணைப்பை உண்டாக்கக்கூடும். அத்தகையது இனாமாகக் கிடைத்தாலும் ஏற்கத்தக்கதன்று.

போலிகள் வேறு. 18650 அளவில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று உறையில் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த அளவில் நல்ல மின்கலம் 3,500 தந்தாலே சிறப்பு. இங்கு மட்டாஞ்சேரியின் பழைய தொழில் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிளகு வணிகத்தில் தரத்தைத் தோற்றத்தால் மட்டும் மதிப்பதில்லை. ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 நின்றால் வேறு விலை. மின்கலத்துக்கும் இச்சோதனை பொருந்தும். நல்ல 18650 மின்கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். முப்பதை ஒட்டி நின்றால் உள்ளே பொருள் குறைவு. உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இழப்பை ஏற்பவர் யார் என்ற கேள்வி 2022-இல் கூர்மை பெற்றது. அவ்வாண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அந்த ஆண்டின் தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகு மின்வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஆனால் 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்மிதிவண்டி, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே வீட்டில் கட்டப்படும் தொகுதியைச் சோதிப்பவர் அதைக் கட்டியவர் ஒருவரே. அது மின்னேறும் அறையில் உறங்குவோரோ அந்தத் தேர்வில் கலந்துகொண்டவர்கள் அல்லர். நெருங்கிய சுவர்களைக் கொண்ட மட்டாஞ்சேரிச் சந்துகளில் அது அண்டை வீட்டையும் சேர்த்த கணக்கு.

நிக்கல் வகையில் 2.5 ஆம்பியர்-மணி மின்கலங்களைப் பத்துத் தொடர், நான்கு இணை என்று கட்டினால் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. மின்கலங்களின் எடை மட்டும் 1.8 கிலோ. இரும்பு பாஸ்பேட் வகையில் 6 ஆம்பியர்-மணி உருளைகளைப் பன்னிரண்டு தொடர், இரண்டு இணை என்று கட்டினால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. முன்னது சில நூறு சுற்றுகளில் தளரத் தொடங்கும். பின்னது முறையாகக் கையாண்டால் 2,000 சுற்றுகளைக் கடக்கும். பின்னது ஒன்றரை மடங்கு விலையானாலும், மூன்று மடங்கு நாள் உழைத்தால் ஒரு சுற்றுக்கான செலவு பாதியாகிறது. அது வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். தீயே பற்றாது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. மிதிவண்டியில் ஏறத்தாழ 1.7 கிலோ கூடுதல் எடை பெரிய பாரமன்று, கொச்சி நகரின் சமதளத்தில் அது உறைக்காது.

நீர் மெட்ரோவும் இதே கணக்கைத்தான் போட்டது, வேறு எண்களுடன். படகு துறையில் நிற்கும் நேரம் சொற்பம். பத்துப் பதினைந்து நிமிடங்களில் மின்னேறியாக வேண்டும். கிராஃபைட் எதிர்முனையை அவ்வளவு விரைவாக மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும் அபாயம் உண்டு; டைட்டனேட்டில் அவ்வாறு நேர்வதில்லை, சுற்றுகளும் பத்தாயிரத்தைத் தாண்டும். நாள் முழுதும் ஓடும் படகுக்கு அதுவே மலிவு. இரவு முழுதும் வீட்டில் நிற்கும் மிதிவண்டிக்கு அந்த விரைவு தேவையில்லை. மிதிவண்டிக்குத் தேவை, தன் மின்கலத்துக்கு உரிய மின்னேற்றி: மேற்சொன்ன நிக்கல் தொகுதிக்கு 42 வோல்ட், இரும்பு பாஸ்பேட் தொகுதிக்கு 43.8 வோல்ட். இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். செருகியும் பெரும்பாலும் பொருந்திவிடும்.