சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியான கதை

 

பூநகரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது சுசந்திகா ஜயசிங்கவைப் பற்றிச் சொன்னோம். "அவ ஊசி போட்டு ஓடினவ தானே சேர்?" என்றான் ஒரு மகன். அவன் பிறக்க முன்னர் நடந்த விடயம். பழி மட்டும் எப்படியோ அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

1997 இல் ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றவர் சுசந்திகா. அடுத்த வருடமே நன்ட்ரோலோன் எனும் ஊக்கமருந்து பாவித்ததாகக் குற்றச்சாட்டு. பின்னர் விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டுப் போன தூரத்துக்கு அந்த விடுவிப்புப் போகவில்லை.

2000 செப்டெம்பர் 28, சிட்னி. நாங்கள் அப்போது புத்தளம் முகாமில், ஊரை விட்டுப் பத்து வருடம். விசாரணையில்லாத தீர்ப்பு எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. றேடியோவில்தான் செய்தி கேட்டோம். 22.28 செக்கன், மூன்றாமிடம். 1948 இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம். சந்தோசப்பட்டோம், உண்மையாகவே.

முதலிடம் அமெரிக்காவின் மெரியன் ஜோன்ஸ், 21.84. அவர் பாவித்த மருந்தை அன்றைய சோதனைகளால் கண்டுபிடிக்கவே முடியாது. 2003 இல் ஒரு பயிற்சியாளர் அந்த மருந்து ஒட்டியிருந்த ஊசிக்குழாயை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகுதான் அதற்கான சோதனையே உருவானது. 2007 ஒக்டோபரில் ஜோன்ஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விசாரணையாளரிடம் பொய் சொன்னது உட்பட்ட குற்றங்களுக்கு 6 மாதச் சிறை. 2009 டிசெம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அப்போது மைதானமுமில்லை, கைதட்டலுமில்லை.

சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் இப்படித்தான். 1999 முதல் 2005 வரை ஏழு தடவை டூர் டி பிரான்ஸ் வென்றார். சோதனையில் அகப்படவில்லை என்பதையே கேடயமாக்கினார். 2012 இல் அவரை வீழ்த்தியது 11 முன்னாள் சக ஓட்டுநர்களின் சாட்சியம்.

மறுபக்கம் எங்கள் குசல் பெரேரா. கட்டார் ஆய்வுகூடத்தின் அறிக்கையால் 2015 டிசெம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பியழைக்கப்பட்டார். 2016 மே மாதம் அந்த முடிவு செல்லாது என்றானது. சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டை மீளப்பெற்றது. அதற்குள் இருபது20 உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் அந்த மகனுக்குச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளிப் பதக்கத்த அவவுக்கு ஆர் சேர் கழுத்தில போட்டது?" என்றான்.