வீட்டில் மெழுகுவர்த்தி: வரியிலிருந்து வாசனை வரை

நேர்ச்சைக்காக ஏற்றப்படும் சிறிய மெழுகுவர்த்தியை ஆங்கிலத்தில் ‘வோட்டிவ்’ என்பர். நேர்ந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘வோட்டும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் வேண்டுதலோடு மெழுகுவர்த்தி ஏற்றுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ 5 செ.மீ. உயரமுள்ள இந்தச் சிறிய வர்த்தியை இன்று பலரும் மணம் சேர்த்து வீட்டிலேயே வார்க்கிறார்கள். புதிதாகத் தொடங்குவோருக்கும் எளிதில் கைவரும் வேலை இது. ஆனால் இங்கிலாந்தில் 120 ஆண்டுகளுக்கும் மேலாக, உரிமம் இல்லாமல் வீட்டில் மெழுகுவர்த்தி செய்வது சட்டப்படி குற்றமாக இருந்தது. அந்த வரலாற்றை அறிந்தால் கையிலுள்ள வர்த்தியின் அருமை விளங்கும்.

கொழுப்பும் தேன்மெழுகும்

இடைக்கால ஐரோப்பாவில் இரண்டு வகை வர்த்திகள் இருந்தன. ஒன்று தேன்மெழுகில் செய்தது. அது இயல்பாகவே இனிய மணமுடையது, புகை குறைவு, விலை மிக அதிகம். தேவாலயங்களும் செல்வர் வீடுகளும் அதை வாங்கின. மற்றொன்று ஆட்டுக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் உருக்கிச் செய்தது. அது நாறும், புகையும், வெயிலில் இளகும். எளியவர்களுக்கு வாய்த்தது அதுதான். இலண்டனில் இவ்விரு தொழிலாளர்களும் தனித்தனிச் சங்கங்களாக இயங்கினர். கொழுப்பு வர்த்தி செய்வோர் சங்கம் 1462-இலும், தேன்மெழுகு வர்த்தி செய்வோர் சங்கம் 1484-இலும் அரச சாசனம் பெற்றன.

ஆக, வீட்டில் எரியும் விளக்கின் வாசனையே அந்த வீட்டின் நிலையைச் சொல்லிவிடும்.

வெளிச்சத்துக்கு வரி

1709-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் மெழுகுவர்த்திக்கு வரி விதித்தது. வீட்டில் செய்துகொண்டால் வரி தப்பிவிடும் அல்லவா? அதனால் உரிமம் பெற்று வரி கட்டாதவர்கள் வீட்டில் வர்த்தி செய்வதற்கும் தடை வந்தது. 1831-இல்தான் இந்த வரி நீக்கப்பட்டது.

ஏழைகள் என்ன செய்தனர்? கோரையைப் போல் ஈரநிலத்தில் வளரும் ‘ரஷ்’ என்னும் செடியின் தண்டைக் கோடையில் வெட்டி, நீரில் ஊறவைத்தனர். தோலை உரித்து, உள்ளிருக்கும் சோறு உடையாதபடி ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பட்டையை விட்டுவைத்தனர். அதை உலர்த்தி, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் தோய்த்து எடுத்தனர். இந்தத் தண்டு விளக்குக்கு வரி இல்லை.

செல்போர்ன் என்னும் சிற்றூரைப் பற்றி கில்பர்ட் ஒயிட் 1789-இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இதன் செய்முறை விரிவாக உள்ளது. அவர் நேரம் பார்த்துச் சோதித்த ஒரு நீண்ட தண்டு 57 நிமிடங்கள் எரிந்தது. ஒரு பென்னியில் கால்பங்கான ஒரு பார்த்திங் செலவில், ஓர் ஏழைக் குடும்பம் ஐந்தரை மணிநேர வெளிச்சம் பெறலாம் என்று அவர் கணக்கிட்டார்.

காட்டுக் காயின் மணம்

அட்லாண்டிக்கின் மறுகரையில், வட அமெரிக்கக் குடியேற்றங்களில், வேறொரு வழி கிடைத்தது. கடற்கரையோரப் புதர்களில் விளையும் ‘பேபெரி’ என்னும் சிறு காய்களின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. காய்களை நீரில் கொதிக்கவிட்டால் அந்த மெழுகு உருகி மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து வடிகட்டி வர்த்தி செய்தனர். கூடை கூடையாகக் காய் பறித்தாலும் கிடைக்கும் மெழுகு சிறிதே. ஆயினும் பச்சை நிறமும் நறுமணமும் கொண்ட அந்த வர்த்தி, கைபட்டாலும் பிசுபிசுக்காது.

வர்ஜீனியாவைப் பற்றி ராபர்ட் பெவர்லி 1705-இல் எழுதிய நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. அணையும் திரியிலிருந்து வரும் மணத்துக்காகவே சிலர் இந்த வர்த்தியை வேண்டுமென்றே அணைப்பார்களாம்! வீட்டில் செய்யும் மண மெழுகுவர்த்தியின் முன்னோடிகளுள் ஒன்று இது.

ஆய்வுக்கூடம் தந்த மாற்றம்

கொழுப்பு ஏன் நாறுகிறது? பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் செவ்ரோல் கொழுப்பைப் பகுத்து, அது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று காட்டினார். அவரது நூல் 1823-இல் வெளிவந்தது. கிளிசரினை நீக்கிக் கிடைத்த ஸ்டியரின் கெட்டியானது. நாற்றமும் புகையுமின்றி எரிந்தது. அதே காலத்தில் பின்னல் திரியும் வந்தது. முறுக்குத் திரியின் கரிந்த நுனியை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். பின்னல் திரியோ எரியும்போதே வளைந்து, நுனி தானாகச் சாம்பலாகிவிடும்.

1834-இல் ஜோசப் மார்கன் வர்த்தி வார்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1850-இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரபின் எடுக்கக் காப்புரிமை பெற்றார். விலை குறைந்தது, வீட்டு வேலை தொழிற்சாலைக்குப் போயிற்று. பின்னர் மின்விளக்கு பரவவே, வெளிச்சத்துக்காக வர்த்தி வாங்கும் தேவையும் குறைந்தது. அதன்பின் வழிபாடும் அழகும் மணமுமே அதைக் காத்தன.

மீண்டும் வீட்டுக்கு

இன்று தொடங்குவோருக்கு ஏற்றது, 1990-களில் பரவத் தொடங்கிய சோயா மெழுகு. ஒரு சிறு வர்த்திக்கு 50 முதல் 60 கிராம் மெழுகு போதும்.

மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். சூடு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் ஆனதும் அடுப்பை அணைத்து, 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் வீதம் மெழுகுவர்த்திக்கான வாசனை எண்ணெயைக் கலக்கி இரண்டு நிமிடம் கிளறலாம். உடலில் பூசும் செண்டில் எரிசாராயம் இருப்பதால் அதைச் சேர்க்கக் கூடாது. பிறகு திரியை அச்சின் நடுவில் நேராக நிறுத்தி மெழுகை ஊற்றி, ஒரு நாள் அசையாமல் விட வேண்டும்.

இவ்வகை வர்த்தி எரியும்போது முழுவதும் உருகிவிடும். ஆகவே உடலோடு ஒட்டி நிற்கும் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில்தான் ஏற்ற வேண்டும். உருக்கும் மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூட வேண்டும். மாணவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

செய்து முடித்தபின் ஒரு சோதனை. வர்த்தியை ஊதி அணைத்து, எழும் வெண்புகையில் உடனே தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவித் திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவியே என்பதை இப்படித்தான் மைக்கேல் பாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் இளைஞர்களுக்கு விளக்கினார். மணம் மட்டும் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை. திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகிலிருந்து எழுகிறது.

இன்று நாம் விரும்பும் வாசனையைத் தேர்ந்து வார்க்கும் இந்தச் சிறு வர்த்தி பல மணிநேரம் எரியும். ஒயிட் சோதித்த அந்த நீண்ட தண்டோ 57 நிமிடங்களே எரிந்தது.