ஏழையைக் காப்பது ஊரின் கடனா, நாட்டின் கடனா?

லண்டன் மாநகரின் கீழ்த்திசையில், தேம்ஸ் நதி பெரியதொரு வளைவாகத் திரும்பும் இடத்தில் பாப்ளர் என்றொரு பகுதி உண்டு. கிழக்கிந்தியத் துறை, மேற்கிந்தியத் துறை என்னும் கப்பல் துறைகள் அதன் எல்லைக்குள் இருந்தன. கீழை நாடுகளின் செல்வமெல்லாம் வந்திறங்கிய அவ்விடத்தில், அச்சரக்கை முதுகில் சுமந்து இறக்கிய தொழிலாளியின் வீட்டு அடுப்பு எரிவதோ அன்றன்று கிடைக்கும் வேலையைப் பொறுத்திருந்தது. காலையில் துறைமுக வாயிலில் கூடி நிற்பவர்களில் சிலர் உள்ளே அழைக்கப்படுவர். மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவர்.

இந்தப் பாப்ளரின் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் 30 பேர் 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் திருடியவர்களல்லர், கலகம் செய்தவர்களுமல்லர். தம் ஊர் மக்களிடம் ஒரு குறிப்பிட்ட வரியைத் தண்டுவதற்கு மறுத்தார்கள்; குற்றம் அவ்வளவே. அந்த மறுப்பின் பின்னே நின்ற கேள்விக்கு நூறாண்டு கடந்தும் பிரிட்டன் திடமான விடை கண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

முதலில் அந்த வரியின் தன்மையை அறிந்துகொள்வோம். நம் நாட்டில் வீட்டு உடைமையாளர் ஊராட்சி மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி செலுத்துகிறோமல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றதே அங்கு ‘ரேட்’ எனப்பட்டது. வீட்டின் அல்லது கட்டடத்தின் வாடகை மதிப்பில் பவுனுக்கு இத்தனை பென்ஸ் என்று மன்றம் விதிக்கும். (தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர் பலருக்கு இதுவே புதுச் செய்தியாக இருக்கலாம். குடியிருப்பும் குழாயும் விளக்கும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த காலத்தில், ஊராட்சி மன்றம் என்ற ஒன்று இருப்பதையே நாம் அறிந்தோமில்லை.) பாப்ளரில் பெரும்பாலும் சிறு வீடுகள். செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியிலோ மாளிகைகளும் பெருங்கடைகளும். ஆகவே பவுனுக்கு ஒரு பென்னி என்று இரண்டு ஊரிலும் வரி விதித்தால், பாப்ளரில் சேரும் தொகையைப் போல் எட்டு மடங்குக்கும் மேலாக வெஸ்ட்மின்ஸ்டரில் சேரும்.

இனி, அந்த வரியின் பெரும்பகுதி எதற்குச் செலவாயிற்று என்று பார்க்க வேண்டும். 1601ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஏழையைக் காப்பது அவனவன் ஊரின் கடன் என்று சட்டம் இருந்தது. 1834இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஊர்கள் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் ‘ஏழையர் காப்பாளர் குழு’ என்று ஒன்று ஏற்பட்டது. உதவி நாடி வருவோரை ‘வொர்க்ஹவுஸ்’ என்னும் இல்லத்துள் அடைத்து, கணவனை ஒருபுறமும் மனைவியை மறுபுறமும் பிரித்து வைத்து வேலை வாங்குவதே அச்சட்டத்தின் நோக்கம். வீட்டிலிருந்தபடியே ஒருவனுக்கு ரொட்டியோ காசோ கொடுப்பதைச் சட்டம் செய்தவர்கள் விரும்பவில்லை. ஆயினும் வேலையில்லாதோர் ஆயிரக்கணக்கில் பெருகும்போது அவர்களையெல்லாம் அடைப்பதற்கு எந்த இல்லத்தில் இடமிருக்கும்? வீட்டுக்கே உதவி அனுப்புவதைத் தவிர வழியில்லை. லண்டனில் 1867இல் ஏற்பட்ட ஒரு பொது நிதி, இல்லத்துள் இருப்போரின் செலவில் ஒரு பங்கை நகர் முழுவதற்கும் பகிர்ந்தளித்தது. வீட்டுக்கு அனுப்பும் உதவிக்கு அந்த நிதியிலிருந்து ஒரு பென்னியும் கிடையாது. அதை அந்தந்த ஊரே சுமக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் வந்த தொழில் மந்தத்தால் 1921ஆம் ஆண்டின் நடுவில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது. நாட்டு அரசாங்கம் 1911 முதல் நடத்திவந்த வேலையின்மைக் காப்புறுதித் திட்டம் அத்தனை பேரைத் தாங்குமென்று யாரும் கணக்கிட்டிருக்கவில்லை. 1921 மார்ச்சில் ஆணுக்கு வாரம் 20 ஷில்லிங்காக உயர்த்திய உதவித்தொகையை, சில மாதங்களுக்குள்ளாகவே அரசாங்கம் 15 ஷில்லிங்காகக் குறைத்தது. நாட்டின் பொக்கிஷத்தில் மிச்சம் பிடித்த அந்த ஐந்து ஷில்லிங்கைப் பசித்த குடும்பம் வேறெங்கே தேடும்? காப்பாளர் குழுவின் வாயிலில்தான். மேலே ஒரு சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் செலவு கீழே ஏழை ஊரின் தலையில் வந்து விழுந்தது. மற்ற ஏழையும் ஓரளவு ஏழையுமே அந்தச் செலவுக்கு வரி கட்டினார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் வேலையற்றோர் சிலரே. ஆகவே வரியும் சொற்பமே.

1919 நவம்பர் தேர்தலில் பாப்ளர் மன்றத்தின் 42 இடங்களுள் 39ஐத் தொழிற்கட்சி வென்றிருந்தது. உறுப்பினர் பலர் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்தவர்கள். அவர்களுக்குத் தலைவராக விளங்கிய ஜார்ஜ் லான்ஸ்பரி, 1905 முதல் 1909 வரை ஏழையர் சட்டத்தை ஆராய்ந்த அரச விசாரணைக் குழுவில் அங்கம் வகித்து, பியாட்ரிஸ் வெப் அம்மையாருடன் சேர்ந்து சிறுபான்மை அறிக்கையில் ஒப்பமிட்டவர். மன்றத்தின் ஊழியர்களுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதமின்றி வாரம் 4 பவுன் குறைந்தபட்சக் கூலி என்று அம்மன்றம் 1920இல் விதித்தது.

பாப்ளர் மக்கள் செலுத்திய வரி முழுவதும் பாப்ளருக்கே சேர்ந்துவிடவில்லை. லண்டன் கவுண்ட்டி மன்றம், போலீஸ், தண்ணீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய வாரியம் ஆகிய நகர்ப் பொது அமைப்புகளுக்கும் ஒவ்வோர் ஊர் மன்றமும் பங்கு வசூலித்துக் கொடுக்க வேண்டும். 1921 மார்ச்சில் பாப்ளர் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வேலையற்றோருக்கு உதவி செய்ய வேண்டிய வரியை விதிப்போம். மேலமைப்புகளின் பங்கை வசூலிக்க மாட்டோம் என்பதே அது. பணத்தை மறுத்தாலன்றி ஆள்வோர் திரும்பிப் பாரார் என்பது அவர்கள் கணக்கு. கவுண்ட்டி மன்றம் வழக்குத் தொடுத்தது. ஜூலை 29ஆம் நாள், மேயர் சாம் மார்ச் தலைமையில், மன்றத்தின் செங்கோல் தாங்குவோன் முன்செல்ல, ஏறக்குறைய ஈராயிரம் பேர் பாப்ளரிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே சென்றனர். சட்டப்படி தாங்கள் செய்தது தவறென்பதை அவர்கள் மறுக்கவில்லை. சட்டத்தைக் காத்தால் ஏழையைக் கைவிட நேர்கிறது, ஆகவே தண்டனையை ஏற்கிறோம் என்றார்கள்.

ஆடவர் பிரிக்ஸ்டன் சிறைக்கும் மகளிர் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். லான்ஸ்பரியின் மகன் எட்கரும் மருமகள் மின்னியும் அவர்களுள் இருந்தனர். நெல்லி கிரெசால் என்ற உறுப்பினர் அப்போது கருவுற்றிருந்தார். அரசாங்கம் சங்கடப்பட்டு அவரை முன்னதாகவே விடுவித்தது. (அவர் 1943இல் பாப்ளரின் மேயரானார்.) சிறையினுள்ளும் மன்றக் கூட்டம் நடந்தது! ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியில் ஏற்றிவந்து பிரிக்ஸ்டனில் ஆடவரோடு அமர்த்தி, ஊர்க் காரியங்களை விவாதிக்க அதிகாரிகளே இடமளிக்க வேண்டியதாயிற்று. அண்டை ஊர்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் இதே வழியைப் பின்பற்றத் தீர்மானித்தன. ஆறு வாரங்கள் சென்றபின், அக்டோபர் 12ஆம் நாள் உறுப்பினர்கள் விடுதலையாயினர். அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு புதிய சட்டம் பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும் உதவியின் செலவும் இனி லண்டன் முழுவதற்கும் பொது என்றது அச்சட்டம். வெஸ்ட்மின்ஸ்டரின் பணம் முதன்முறையாகப் பாப்ளரின் அடுப்புக்கு வந்தது. மின்னி லான்ஸ்பரி அதன் பலனை நெடுநாள் காணவில்லை. 1922 ஜனவரி முதல் நாள், தம் 32ஆம் வயதில், சளிக்காய்ச்சல் கண்டு அவர் இறந்தார்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது வீரக் கதையாகும். சரித்திரம் அங்கே நிற்கவில்லை.

ஹாக்னியின் மேயராயிருந்த ஹெர்பர்ட் மாரிசன், தாமும் தொழிற்கட்சிக்காரரே. ஆயினும் பாப்ளரின் வழியை அவர் ஏற்கவில்லை. சட்டத்தை மீறும் மன்றத்தின் கையில் மக்கள் நாட்டை ஒப்படைக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். ஸ்டெப்னியின் முன்னாள் மேயர் கிளமென்ட் அட்லியோ பாப்ளர் பக்கம் நின்றார். பின்னாளில் ஒருவர் பிரதம மந்திரியாகவும் மற்றவர் துணைப் பிரதமராகவும் ஒரே மந்திரிசபையில் வீற்றிருந்தனர் என்பது சுவையான செய்தி. மாரிசனின் அச்சத்தைக் கோழைத்தனமென்று தள்ளிவிடுவோர் உண்டு. அடுத்து நிகழ்ந்தவற்றை நோக்கின், அதில் பொருளிருந்தது என்றே கூறத் தோன்றுகிறது.

செலவு பொதுவானதும், ‘எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் நாங்களே சொல்வோம்’ என்று மேலிடம் கேட்கத் தொடங்கியது. சுகாதார மந்திரி ஆல்பிரட் மாண்ட் உதவிக்கு ஓர் அளவு வகுத்தார். பாப்ளர் அதைத் தாண்டிக் கொடுத்தது. 1922இல் அதைத் தடுக்கும் ஆணை பிறந்தது. 1924இல் தொழிற்கட்சியின் முதல் அரசாங்கத்தில் மந்திரியான ஜான் வீட்லி அவ்வாணையை நீக்கினார். 4 பவுன் கூலியையும் தணிக்கையாளர் விட்டுவைக்கவில்லை. விலைவாசி இறங்கிய பின்னும் இவ்வளவு கூலி தகாது என்று, 5,000 பவுனை உறுப்பினர்களே தம் கையிலிருந்து கட்டவேண்டுமென விதித்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, 1925இல் பாப்ளர் தோற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்ற ஆசையையே நீதிபதி ஒருவர் விசித்திரமான கொள்கையென்று ஏளனம் செய்தார். ஏழைக்குத் தாராளமாகக் கொடுப்பதைப் பழிக்க ‘பாப்ளரிசம்’ என்றே ஒரு சொல் ஆங்கிலத்தில் புழங்கலாயிற்று.

1926இல் சுகாதார மந்திரி நெவில் சேம்பர்லின், வழிக்கு வராத காப்பாளர் குழுவை நீக்கித் தம் ஆட்களை அமர்த்தும் அதிகாரத்தைச் சட்டமாக்கிக் கொண்டார். அவ்வாண்டே வெஸ்ட் ஹாம், செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் ஆகிய குழுக்களும், மறு ஆண்டு பெட்வெல்ட்டி குழுவும் நீக்கப்பட்டன. 1929ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாளர் குழுக்களையே ஒழித்து, அவற்றின் வேலையைக் கவுண்ட்டி மன்றங்களிடமும் பெருநகர் மன்றங்களிடமும் ஒப்படைத்தது.

1931இல் நாட்டின் நிதி நெருக்கடியை முன்னிட்டு ஆணுக்கான உதவித்தொகை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. அத்தோடு குடும்ப வருவாய்ச் சோதனையும் வந்தது. தந்தைக்கு உதவி கொடுக்குமுன் மகனின் சம்பளம், பாட்டியின் ஓய்வூதியம், சேமிப்பு யாவும் கணக்கிடப்படும். மகனுக்குச் சம்பளமிருந்தால் தகப்பனுக்கு உதவி குறையும். ஒரு வீட்டுக்குள் தந்தையை மகன் சோற்றுக்கு எதிர்பார்க்க வைத்தது இது. இதனால் வீட்டைவிட்டுப் பிரிந்து சென்ற பிள்ளைகள் பலர். சோதனையை விதித்தது அரசாங்கம். வீடு வீடாகச் சென்று நடத்த வேண்டியதோ உள்ளூர் மன்றத்தின் குழு. அக்குழுவில் அமர்ந்தவர் அயல் வீட்டுக்காரனின் முகத்தைப் பார்த்துத் தொகையை வெட்ட வேண்டும். பல மன்றங்களில் இதுபற்றிக் கடும் விவாதம் எழுந்தது. தாமே விலகிவிட்டால் கடுமையானவர் வந்து அமர்வர். தொடர்ந்தால் தம் கையாலேயே வெட்ட வேண்டும். சிலர் சோதனையைக் கண்டும் காணாமலும் நடத்தி, முழுத்தொகையையே கொடுத்து வந்தனர். 1932இல் ராதர்ஹாம் மன்றத்திடமிருந்தும் டர்ஹாம் கவுண்ட்டியிடமிருந்தும் அவ்வேலை பறிக்கப்பட்டு, ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர்.

இனி மன்றங்களை நம்புவதில்லை என்ற முடிவே 1934ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி நாடு முழுவதற்கும் ஒரே வாரியம், ஒரே அளவு. பாப்ளர் கேட்ட ‘நாட்டின் கடன்’ என்பது இங்கே நிறைவேறியது. நிறைவேறிய விதத்தைப் பாருங்கள்! 1935 ஜனவரி 7ஆம் நாள் புதிய அளவு நடைமுறைக்கு வந்தபோது, பல இடங்களில் அது உள்ளூர்க் குழுக்கள் கொடுத்துவந்ததை விடக் குறைவாயிருந்தது. தென் வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். பிப்ரவரி 5ஆம் நாள் அரசாங்கம் பணிந்து, பழைய அளவோ புதிய அளவோ எது மிகுதியோ அதைக் கொடுப்பதாக அறிவித்தது. குடும்பச் சோதனை 1941இல் நீங்கியது. அட்லியின் ஆட்சியில் 1948 ஜூலை 5ஆம் நாள் ஏழையர் சட்டம் முற்றும் ஒழிந்தது.

ஆகவே பாப்ளர் பணத்தில் வென்றது. முடிவு செய்யும் உரிமையில் தோற்றது. இரண்டும் பிரியாதவை என்றும், காசு கொடுப்பவனே கணக்குக் கேட்பான் என்றும் சொல்வாருண்டு. நான் அதை முழுதும் ஒப்பவில்லை. குறைந்த அளவை நாடு உறுதிசெய்து, அதற்குமேல் கொடுக்க ஊருக்கு இடம் விடுவதில் என்ன கேடு? 1935இல் வந்த ஒரே அளவு ஊருக்கு அந்த இடத்தை விடவில்லை. விபரீதம் அங்கேதான் விளைந்தது.

அண்மைக் காலத்தில் சக்கரம் மறுபக்கமாகச் சுழன்றது. 2012ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களால், வருவாய் குறைந்தோரின் ஊராட்சி வரிக்கு நாட்டரசு அளித்துவந்த சலுகை 2013 ஏப்ரலில் நின்றது. இனி ஒவ்வொரு மன்றமும் தன் திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்க என்று இங்கிலாந்தின் மன்றங்களுக்குச் சொல்லப்பட்டது. சொல்லும்போதே அதற்கான நிதியில் 10 விழுக்காடு குறைக்கவும்பட்டது. முதியோரின் சலுகையில் கைவைக்கலாகாது என்பது மேலிடத்து விதி. ஆகவே வெட்டு முழுவதும் உழைக்கும் வயதினர் மீது விழும். அதே மாதம், வாடகை உதவி பெறுவோர் வீட்டில் ஓர் அறை மிகுதியென்றால் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 விழுக்காடும் குறைக்கும் விதியும் வந்தது. முன்பு பறித்துக்கொண்ட முடிவுரிமையைப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது இது. உதவி பெறுவோர் மிகுந்த ஊருக்கே இழப்பு மிகுதி. ஒரு பென்னி வரியைக் கொண்டு 1921இல் பாப்ளர் போட்ட கணக்கு மன்ற அறைகளில் மீண்டும் பேசப்பட்டது. இம்முறை எவரும் சிறை செல்லவில்லை. உறுப்பினர் கையிலிருந்து பணம் பிடுங்கும் தணிக்கைத் தண்டனையும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியிருந்தது.

பாப்ளர் 1965 முதல் டவர் ஹாம்லெட்ஸ் என்னும் பெரிய மன்றத்துள் அடங்கியுள்ளது. 2013இல் அம்மன்றம் குறைந்த 10 விழுக்காட்டைத் தானே ஏற்றுக்கொண்டு, மிக ஏழைகளிடம் வரி கேட்காமல் விட்டது. பழைய மேற்கிந்தியத் துறை இருந்த இடத்தில் வங்கிகளின் கோபுரங்கள் எழுந்துவிட்டன. பவ் சாலையில், மின்னி லான்ஸ்பரியின் நினைவாக வைத்த கடிகாரம் ஒரு கட்டடத்தின் சுவரில் இருக்கிறது.