தடைக்காலமாக இருந்த இளவேனில்: அமெரிக்க பாஸ் மீன்பிடிப்பின் வரலாறு

வட அமெரிக்க ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரிய பாஸ் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் இன்று ஆவலோடு எதிர்நோக்கும் காலம், குளிர் தணிந்து நீர் சூடேறத் தொடங்கும் இளவேனில் முகப்பு ஆகும். தென் மாநிலங்களில் அது பிப்ரவரியிலும், டென்னசி, மிசௌரி போன்ற நடுப்பகுதி மாநிலங்களில் மார்ச்சிலும், கனடா எல்லையை ஒட்டிய மாநிலங்களில் ஏப்ரல் இறுதியிலும் வந்து சேர்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் இதே வாரங்கள் சட்டத்தால் மூடப்பட்டிருந்தன. அப்போது தூண்டில் வீசுவது குற்றமாகவும், பண்பற்ற செயலாகவும் கருதப்பட்டது. விலக்கப்பட்ட ஒரு பருவம் விரும்பப்படும் பருவமாக மாறியதற்குப் புதிய தூண்டில் கருவிகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த மாற்றத்தின் வேர், வெள்ளத்தடுப்புக்காகவும் மின்சாரத்துக்காகவும் கட்டப்பட்ட அணைகளில்தான் இருக்கிறது.

பாஸ் மீனில் முதன்மையானவை இரண்டு வகைகள். மேல்தாடை கண்ணின் பின்விளிம்பையும் தாண்டி நீண்டிருப்பது பெருவாய் பாஸ். தாடை கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடுவது சிறுவாய் பாஸ். முன்னது செடி கொடி மண்டிய வெதுவெதுப்பான நீரையும், பின்னது கல்லும் பாறையும் நிறைந்த தெளிந்த குளிர்நீரையும் விரும்புகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஆழத்தில் அசைவு குறைந்து, இரையும் குறைத்துக் கிடக்கின்றன. நீரின் வெப்பம் 8, 10 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஆழமற்ற கரையோர நீரை நோக்கி நகரத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரிக்குள் ஆண்மீன் கரையோரத்துக் கூழாங்கல் தரையில் வாலால் விசிறிக் குழி பறித்துக் கூடு அமைக்க, பெண்மீன் அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. முட்டைக்கும் குஞ்சுக்கும் வாரக்கணக்கில் காவல் நிற்பது தந்தைமீன்தான். ஆழத்திலிருந்து கிளம்பியது முதல் குழி பறிக்கும் வரையுள்ள இந்த இடைவெளியே இங்கு பேசப்படும் இளவேனில் முகப்பு. சினை தாங்கிப் பருத்த பெண்மீன்கள் பசியோடு இரை தேடும் காலம் அது. ஆதலால்தான் அது ஆசையையும் அச்சத்தையும் ஒருங்கே கிளப்பியது.

இம்மீனுக்கெனத் தனிக் கருவி பிறந்த இடம் கென்டக்கி. அங்குள்ள பாரிஸ் என்னும் சிற்றூரில் கடிகாரப் பணி செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பற்சக்கரங்கள் பொருத்திய ஒரு சுருளியைச் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு சுற்றப்பட்ட உருளை பல சுற்றுகள் சுழலும்படி அது அமைந்திருந்தது. பின்னர் பிராங்க்ஃபர்ட் நகரின் மீக் சகோதரர்களும் பெஞ்சமின் மைலமும் அதை நேர்த்தியாக்கி, ஒரு சுற்றுக்கு நான்கு சுற்று என்னும் அளவில் நிலைப்படுத்தினர். கடிகாரப் பட்டறையின் நுணுக்கம் தூண்டிலுக்கு வந்ததன் பயன் சிறிதன்று: உயிருள்ள சிறுமீனை முள்ளில் கோத்து, அது சாகாதபடி மென்மையாக, தொலைவில் எறிவது அதனால்தான் இயன்றது.

அப்பலாச்சிய மலைத்தொடருக்குக் கிழக்கே ஓடும் பொடோமாக் போன்ற ஆறுகளில் தொடக்கத்தில் பாஸ் இல்லை. 1854-இல் வீலிங் நகரின் ஷ்ரைவர் என்பவர், துளையிட்ட வாளியில் சில பாஸ் மீன்களை இட்டு, அவ்வாளியைப் பால்டிமோர்-ஒஹாயோ ரயில் எஞ்சினின் நீர்த்தொட்டிக்குள் தொங்கவிட்டு மலையைக் கடத்திவந்து, கம்பர்லாந்து நகருக்கருகே கால்வாயில் விட்டார். அங்கிருந்து அவை பொடோமாக் ஆற்றில் பரவிப் பெருகின. 1871-இல் மத்திய அரசின் மீன்வள ஆணையம் தோன்றியபின் இத்தகைய இடமாற்றங்கள் ரயில் பாதை சென்ற இடமெல்லாம் நடந்தன. பயிற்சி பெற்ற மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷல், டிரவுட், சால்மன் ஆகியவற்றையே உயர்குடி மீனாகப் போற்றிய ஆங்கில மரபை எதிர்த்து, அவற்றுக்கு நிகரான மதிப்பு பாஸுக்கும் உரியது என்று வாதிட்டு 1881-இல் ஒரு முழு நூலையே வெளியிட்டார்.

மதிப்பு உயர உயரப் பிடிப்பும் பெருகியது. வலையிலும் தூண்டிலிலும் சிக்கிய பாஸ், பெருநகரச் சந்தைகளில் உணவுமீனாக விற்கப்பட்டது. கூட்டின்மேல் அசையாது நிற்கும் ஆண்மீனை ஈட்டியால் குத்துவதும் எளிதாயிருந்தது. ஆகவே மாநிலங்கள் ஒவ்வொன்றாக விற்பனையைத் தடுத்ததோடு, இளவேனில் முழுவதையும் மூடிய காலம், அதாவது மீன்பிடித் தடைக்காலம் என்று அறிவித்தன. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிப் பிடித்ததை மறு மாநிலத்துக்கு அனுப்பி விற்பது தொடர்ந்தமையால், மிசௌரியின் ஹாரி ஹாஸ் முன்னின்று முயன்று, 1926-இல் மத்திய அரசு பாஸ் மீனுக்கென்றே ஒரு சட்டத்தை இயற்றச் செய்தார். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்திய 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின் வழியில் அமைந்த இது, சட்டவிரோதமாகப் பிடித்த பாஸ் மாநில எல்லை கடப்பதைத் தடுத்தது. அன்றைய பாதுகாவலர்களின் எண்ணம் நேர்மையானது. ஆனால் அது ஓடும் ஆறுகளையும் இயற்கை ஏரிகளையும் மட்டுமே கண்டு உருவான எண்ணம்.

1933-இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், தன் முதல் பெரிய அணையைக் கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே கட்டி 1936-இல் முடித்தது. நாரிஸ் அணை எனப்படும் அதன் உயரம் 81 மீட்டர். மூவாயிரத்தை ஒட்டிய குடும்பங்கள் தம் நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறியபின், வயல்களும் சாலைகளும் ஆற்றின் பழைய தடமும் நீருக்குள் மூழ்கின. நிரம்பிய முதல் சில ஆண்டுகளில் மீன் பெருகிப் பின் அருகிவிடும், இறுதியில் இத்தகைய தேக்கங்கள் உயிரற்ற பாழ்நீராகிவிடும் என்ற அச்சம் அறிஞரிடையே பரவலாக இருந்தது. இருப்பதையாவது காக்க வேண்டுமெனில் தடைக்காலத்தை நீட்டுவதே வழி என்பது அந்த அச்சத்திலிருந்து இயல்பாகவே எழும் முடிவு.

ஆணையத்தின் உயிரியலாளரான ஆர். டபிள்யூ. எஷ்மேயர் அந்த முடிவை ஏற்காமல் எண்ணிப் பார்த்தார். படகுத்துறைகளில் ஆள் நிறுத்தி, கரை சேர்ந்த ஒவ்வொரு கூடையிலும் இருந்த மீன்களை எண்ணி, அளந்து, செதில்களிலிருந்து வயதைக் கணித்தபோது வெளிப்பட்ட உண்மை எவரும் எதிர்பாராதது: தூண்டிலில் சிக்கியவை தேக்கத்தின் மீன்வளத்தில் மிகச் சிறு பங்கே, பெரும்பாலானவை எவர் கைக்கும் எட்டாமலே இயற்கையாக மடிந்துகொண்டிருந்தன. ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பொரிப்பதால், சில தாய்மீன்கள் போவதால் அடுத்த தலைமுறை குன்றிவிடவில்லை. முட்டையிடும் வாரங்களில் அணையின் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமே அதைவிடப் பெரிய பொருட்டாயிருந்தது. இந்தச் சான்றின்மேல் 1940-களின் நடுவில் நாரிஸ் ஏரி ஆண்டு முழுவதும் தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. அஞ்சிய சரிவு நேரவில்லை. பல மாநிலங்கள் படிப்படியாக அவ்வழியைப் பின்பற்றின. அமெரிக்க நன்னீர் மீன்வள வரலாற்றில் இதற்கு ஈடான துணிவு கொண்ட முடிவுகள் அரிது, ஏனெனில் நல்லெண்ணத்தால் விதித்த ஒரு தடையை, எண்ணிக்கை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீக்குவது எந்த அதிகாரிக்கும் எளிய செயலன்று.

திறந்த பின்னர்தான் மெய்யான சிக்கல் தலைகாட்டியது: மார்ச் மாதத்துக் குளிர்நீரில் மீன் எங்கே இருக்கும், எதைக் கவ்வும் என்பது தலைமுறைகளாக எவரும் முறையாகக் கற்காத பாடம். இதற்கும் அணையே பள்ளிக்கூடம் ஆனது. வெள்ளத்தை ஏற்க இடம் விடும் பொருட்டு இத்தேக்கங்களின் நீர்மட்டம் குளிர்காலத்தில் தாழ்த்தப்பட்டு, இளவேனிலில் மறுபடி உயர்த்தப்படுகிறது. தாழ்ந்திருக்கும் மாதங்களில் காய்ந்த கரையில் நடந்து, மூழ்கிய சாலை, அடிமரங்கள், ஓடையின் பழைய வளைவு, கற்குவியல் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டவர்கள், நீர் ஏறியபின் அந்த இடங்களுக்கே படகைச் செலுத்தினர். ஆழத்திலிருந்து வரும் மீன், ஓடைத்தடத்தைப் பாதையாகக் கொண்டு, கிளை ஓடையின் வாயிலும் நிலமுனைகளிலும் தங்கித் தங்கி உள்ளே நகர்கிறது என்பதும், தெற்கு வெயில் நேரே விழும் வடகரை மற்றக் கரைகளைவிட முன்னதாகச் சூடேறுகிறது என்பதும், பிற்பகல் வெயிலில் காய்ந்த கரைக்கற்கள் அருகிலுள்ள நீருக்கும் சற்றே வெப்பம் தருகின்றன என்பதும் இவ்வாறு திரண்ட அறிவு. 1950-களின் இறுதியில் கார்ல் லோரன்ஸ் வெளியிட்ட, ஒலியைச் செலுத்தி எதிரொலியால் ஆழம் காட்டும் சிறு பச்சைப் பெட்டி, கண்ணால் பார்த்த நிலத்தை நீரின் மேலிருந்தே அறியச் செய்தது.

தூண்டிலில் கட்டும் செயற்கை இரையும் இந்நீர்களுக்கேற்ப மாறியது. பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின்சாரத்தால் வளர்ந்த ஓக் ரிட்ஜ் நகரில், ஃபிரெட் யங் என்பவர் 1960-களின் பிற்பகுதியில் பால்சா என்னும் இலேசான மரத்தைச் செதுக்கி, முன்புறம் சிறு தகடு பதித்த, பருத்த வயிறு கொண்ட ஓர் இரையைச் செய்து, ஆஜானுபாகுவான தம் சகோதரரின் பெயரால் ‘பிக் ஓ’ என்று பெயரிட்டார். இழுக்கும்போது தகடு நீரைத் தள்ளுவதால் இரை ஆழ்ந்து, பக்கவாட்டில் அகலமாக ஆடும். கல்லில் முட்டினால் முள் சிக்காமல் விலகி மேலெழும். கையால் செய்யப்பட்டுக் கிடைத்தற்கரிதாய் இருந்ததால் அதைப் போட்டியாளர்கள் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தினர். 1970-களில் அது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுப் பரவலாகியது.

மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஓசார்க் மலைப்பகுதித் தேக்கங்களின் நீர் மிகத் தெளிவானது. அங்கு வேறொரு நுட்பம் உருவாயிற்று. கடுங்குளிரில் ஷாட் எனப்படும் வெள்ளிச் சிறுமீன்கள் விறைத்து, நீரிடையே அசையாமல் நின்று, சிறிது துடித்து, மறுபடி நிற்பதைக் கவனித்த அப்பகுதித் தூண்டிற்காரர்கள், மிதக்கும் இயல்புடைய ஒல்லியான இரையில் ஈயத்துண்டுகளைச் சேர்த்து, அது மேலெழாமலும் மூழ்காமலும் விட்ட ஆழத்திலேயே நிற்கும்படி எடையைச் சரிபார்த்தனர். எடை சற்றுக் கூடினாலும் அடியில் படியும், குறைந்தாலும் மேலே மிதக்கும். நீரின் அடர்த்தி வெப்பத்தோடு மாறுவதால், வீட்டுத் தொட்டியில் சரியாக நின்ற இரை ஏரியில் தவறிப்போவதும் உண்டு. கோலை இருமுறை வெடுக்கென்று இழுத்துவிட்டுப் பத்து நொடியோ அதற்கு மேலோ பொறுமையாகக் காத்திருப்பதே இதன் உயிர்நாடி. டெக்சஸ் மாநிலத்தவர் மாறாக, நீரடிப் புல் துளிர்க்கும் பிப்ரவரியில், குழியிலிருந்து வெளிவரும் நன்னீர் இறாலின் செந்நிறத்தைப் பூசிய, உள்ளே குண்டுகள் குலுங்கும் இரையைப் புல்நுனியில் உரசி இழுத்தனர்.

இவ்வட்டார அறிவுகள் நாடு முழுவதும் பரவியதற்கு ரே ஸ்காட் காரணமானார். அலபாமாவின் காப்பீட்டு முகவரான அவர், 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டிப் போட்டி நடத்தி, அடுத்த ஆண்டு பாஸ் தூண்டிற்காரர் சங்கத்தையும் அதன் இதழையும் தொடங்கினார். 1972 முதல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு எடை பார்த்துத் திரும்ப விடச் செய்தார்; காற்றுக்குமிழி ஓடும் நீர்த்தொட்டி படகுகளில் கட்டாயமானது அதன் பின்னரே. கூட்டருகே பிடித்தும் விட்டுவிடலாம் என்ற நிலை வந்ததும், தடைக்காலத்துக்கான தார்மீக அடிப்படை இன்னும் தளர்ந்தது. சங்கத்தின் இறுதிப்போட்டி 2006 முதல் பெரும்பாலும் குளிர்காலத்தின் கடைசியிலோ இளவேனிலின் முகப்பிலோ நடத்தப்படுகிறது. 2014 பிப்ரவரியில் பள்ளத்தாக்கு ஆணையத்தின் இன்னொரு தேக்கமான கன்டர்ஸ்வில்லில், பாலத்தடிக் கற்கரையில் செந்நிற இரையை இழுத்த ராண்டி ஹவல், மூன்று நாளில் 15 மீன்களை ஏறத்தாழ 30.6 கிலோ எடையில் பிடித்து வென்றார்.

வடபகுதி இதை ஒப்பவில்லை, ஒப்பாததற்கு வலுவான காரணமும் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் இருபதாண்டுகளுக்கு மேலாக நடந்த ஆய்வு, தூண்டிலில் எளிதாகச் சிக்கும் இயல்பு பாஸ் மீனில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதைக் காட்டியது. அவ்வாறு சிக்கும் ஆண்மீன்களே கூட்டை ஊக்கமாகக் காப்பவை என்பதும் பின்னர் தெரியவந்தது. அணுகும் எதையும் தாக்கும் குணம் ஒன்றே அவற்றைச் சிறந்த தந்தையாகவும் எளிய இரையாகவும் ஆக்குகிறது. காவல்மீன் சிறிது நேரம் அகன்றாலும் அருகில் காத்திருக்கும் புளூகில் என்னும் சிறுமீன்கள் முட்டையைச் சூறையாடிவிடும். மீனைத் திரும்ப விட்டாலும் இழந்த முட்டை திரும்பாது.

நாரிஸ் ஏரியின் நீண்ட கோடையில் இந்த இழப்பு தாங்கக்கூடியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தென்பகுதியிலோ, குளிருக்கு முன் போதிய அளவு வளராத குஞ்சு முதல் பனிக்காலத்தைத் தாண்டுவதில்லை. ஜூனில் அழிந்த கூட்டுக்கு ஈடாக இன்னொன்று கட்டி, பொரித்து, வளர்க்கக் காலமும் இல்லை. அங்கே தடைக்காலம் இன்றும் ஜூன் பிற்பகுதி வரை நீடிக்கிறது. அதை அடுத்துள்ள அமெரிக்க மாநிலமான நியூயார்க், பெரும்பாலான நீர்நிலைகளை ஆண்டு முழுவதும் திறந்தபோதும், டிசம்பர் முதல் ஜூன் நடு வரை செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தவும் பிடித்த மீனை உடனே விட்டுவிடவும் விதித்தது. நாட்காட்டியால் வரையப்படும் இவ்விதிகள், கூடு கட்டுமுன் வரும் குளிர்நீர் வாரங்களையும் கூட்டின்மேல் மீன் நிற்கும் வாரங்களையும் ஒரே காலமாகக் கொள்வதே அவற்றின் குறை. எனினும் 10 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டை ஆயிரக்கணக்கான ஏரிகளில் நாள்தோறும் அளந்து சட்டமாக்க எந்த மாநிலமும் இதுவரை முற்படவில்லை.