துப்பிய பேரீச்சம்பழம்



ஹிஜ்ரி 38, கி.பி. 658. இராக்கின் நஹ்ரவான் பக்கம் சென்றுகொண்டிருந்த காரிஜிய்யாக்களில் ஒருவன், மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழத்தை வாயிலிட்டான். விலை கொடுக்காமல் பிறர் பொருளை உண்பதா என்று தோழன் கண்டித்ததும் துப்பிவிட்டான். இத்தனை பேணுதலுள்ள அக்கூட்டம்தான் நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றது. அலீ (ரலி) அவர்களைப் பற்றி நல்லதைச் சொன்னதே அவர் செய்த குற்றம்!

அவர்கள் தொழுகையில் குறை வைத்தவர்கள் அல்லர். ‘நாம் மட்டுமே தூயோர்’ என்ற பெருமைதான் அவர்களைக் கெடுத்தது. ஹிஜ்ரி 40இல் கூஃபாவில் அலீ (ரலி) அவர்களையே வெட்டிய இப்னு முல்ஜமும் அவர்களில் ஒருவன்தான்.

இது பழங்கதையா? இலங்கையின் காத்தான்குடியைப் பாருங்கள். ஸஹ்ரான் ஹாஷிம் முதலில் பகைத்தது பிற மதத்தவரை அன்று. தனக்குப் பாடம் சொன்ன ஆலிம்களைத்தான். அரபுக் கல்லூரி அவரை வெளியேற்றியது. பின்னர் தனி ஜமாஅத் கண்டார். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் மோதியது சூஃபி வழி முஸ்லிம்களோடு. அதன்பின் தலைமறைவானார். கண்டிக்க ஆசிரியரும் இல்லை, அயலாரும் இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வறுமையே காரணம் என்பாரும் உளர். தற்கொலையாளிகளில் இருவர் கொழும்பின் செல்வந்த வாசனைப் பொருள் வணிகரின் மக்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில், பௌர்ணமி தோறும் திரளும் மாற்று மத அன்பர்களோடு வாழும் நமக்கு இலங்கைச் செய்தி எதற்கு என்று கேட்பீர்கள். அவர் பேசியது தமிழில். அப்பேச்சுகள் கடல் தாண்டிக் கோவை வரை வந்தன. கைப்பேசிக்குள் வருபவர் வாசற்கதவைத் தட்டுவதில்லை. பள்ளி இமாமைப் பிள்ளை இழிவாகப் பேசத் தொடங்கும்போது, ‘மார்க்கப் பற்று’ என்று தாய் தந்தையர் மகிழ்ந்துவிடுவதும் உண்டு.

தற்கொலையாளிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஸஹ்ரானின் குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் தந்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. படையினர் நெருங்கியதும் உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அங்கே கிடந்த 15 உடல்களில் 6 குழந்தைகளுடையவை.